சட்டத்தில் விழுந்த சுழி

குடைக்காரர் சட்டசபைக்குப் போனதற்கு மழைதான் காரணம் என்று அவருடைய மனைவி இன்றைக்கும் சொல்வார். தேர்தல் நாளன்று விடிந்ததிலிருந்தே வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. வாக்குச்சாவடிக்கு எதிரில்தான் அவருடைய குடைக்கடை. வரிசையில் நனைந்துகொண்டிருந்தவர்களைப் பார்க்கப் பொறுக்காமல், கடையிலிருந்த குடைகளையெல்லாம் எடுத்து, எந்தக் கட்சி என்றுகூடக் கேட்காமல் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். "நனையாமப் போயிட்டு வாங்க, திருப்பிக் குடுத்தாப் போதும்" என்றார். தானும் ஒரு வேட்பாளர் என்பது அந்த நேரத்தில் அவருக்கே மறந்துபோயிருந்தது. வேறு ஆள் கிடைக்காமல் கட்சிக்காரர்கள் கடைசி நாளில் அவர் பெயரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். எண்ணி முடித்தபோது அவர் ஜெயித்திருந்தார். குடைகளில் பாதி திரும்பி வரவில்லை.

சபையில் அவருக்குக் கடைசி வரிசை. போதாக்குறைக்கு அவரைக் கல்வி மற்றும் தொழில் தகுதிக் குழுவில் போட்டார்கள். மற்றக் குழுக்களுக்கு எல்லாம் காரும் சுற்றுப்பயணமும் உண்டு. இந்தக் குழுவுக்குத் தேநீர் மட்டும் உண்டு, அதுவும் ஆறியது. ஆனால் குடைக்காரர் அதைப் பெரிய பொறுப்பாக எடுத்துக்கொண்டார். எந்த வேலைக்கு எவன் எவ்வளவு படித்திருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற நாற்காலியில், பத்தாவதைத் தாண்டாத தன்னை உட்கார வைத்திருக்கிறார்களே என்று அவருக்கு ஒரே கூச்சம். அந்தக் கூச்சத்தில் புதுக் கண்ணாடி வாங்கினார். குழுவுக்கு வந்த அறிக்கை ஒவ்வொன்றையும் வரிக்கு அடியில் அடிக்கோல் வைத்து, உதட்டை அசைத்துப் படித்தார். படித்தது பாதி புரியாது. புரியாததைத் திரும்பப் படிப்பார். அப்போது புரிந்த பாதியும் போய்விடும்.

அவர் சொந்தமாக ஒரு சட்டம் கொண்டுவரக் காரணமாக இருந்தவன் மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி. அவன் ஒரு எலக்ட்ரீஷியன். அப்படித்தான் அவன் சொல்லிக்கொண்டான். அக்கா வீட்டுக்குப் புதிதாக ஒயரிங் செய்து கொடுத்தான். செய்து முடித்த அன்றிலிருந்து, வாசலில் யாராவது அழைப்பு மணியை அழுத்தினால் சமையலறையில் மிக்சி ஓடியது. படுக்கையறை விளக்கைப் போட்டால் மாடியில் தண்ணீர் மோட்டார் உறுமியது. மின்விசிறியை நிறுத்த வேண்டுமானால் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்க வேண்டும்.

"இந்த வேலையை எங்கடா கத்துக்கிட்ட?" என்று குடைக்காரர் கேட்டார்.

"கத்துக்கிறதா? இதெல்லாம் கைப்பழக்கம் மாமா. தொட்டுத் தொட்டு வர்றது."

"தொட்டா ஷாக் அடிக்காதா?"

"அடிக்கும். எந்தப் பக்கம் அடிக்குதோ அந்தப் பக்கம் கரண்ட் இருக்குன்னு அர்த்தம்."

மனைவிக்குத் தம்பியை ஒரு சொல் சொன்னால் பொறுக்காது. "அவன் செஞ்சதுல என்ன குறையைக் கண்டுட்டீங்க? மணியை அழுத்தினா ஏதோ ஒண்ணு சத்தம் போடுதுல்ல? ஆள் வந்திருக்காங்கன்னு தெரியுதுல்ல?" என்றார்.

வீட்டில் வாதாடி ஜெயிக்க முடியாதவர்கள் வெளியில்தான் சட்டம் போட வேண்டும். குடைக்காரர் மின்பணியாளர் கல்வி மற்றும் தகுதிச் சட்டம் என்று ஒரு மசோதாவை எழுதத் தொடங்கினார். தொழிற்பயிற்சி நிலையங்களுக்குப் போய்ப் பின்பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்டார். பயிற்சி ஆசிரியர்களிடம், "ஒரு ஆள் கம்பத்துல ஏறலாம்னு நீங்க எப்பங்க முடிவு பண்ணுவீங்க?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். மின்வேலை செய்கிற எவரும் ஈராண்டுப் பட்டயம் பெற்றிருக்க வேண்டும், செய்முறைத் தேர்வில் தேற வேண்டும், கையுறை போட வேண்டும் என்று பிரிவு பிரிவாக மசோதா வளர்ந்தது. மைத்துனனை நினைத்தபோதெல்லாம் ஒரு பிரிவு கூடியது.

மசோதாவைத் தட்டச்சு செய்தவர் சபை அலுவலகத்தில் இருந்த பழைய தட்டச்சர். சொன்னதைச் செய்கிறவர், சொல்லாததைச் செய்யவே மாட்டார். அவருடைய விசைப்பலகையில் ஒரு விசை ஒட்டிக்கொண்டது. அதனால் ‘மின்’ என்று அடித்த இடங்களில் சிலவற்றில் மேலே ஒரு சுழி விழுந்து ‘மீன்’ ஆகிவிட்டது. மனிதர் அதைக் கவனித்துவிட்டார். மறுநாள் மசோதா அச்சுக்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் குடைக்காரர் வீட்டுக்குப் போன் செய்தார்.

"ஐயா, ஒரு சந்தேகம். மசோதால சில இடத்துல சுழி இல்லாம இருக்கு, சில இடத்துல சுழியோட இருக்கு."

"அப்படியா? எல்லாத்தையும் ஒரே மாதிரி ஆக்கிடுங்க."

"எது மாதிரி ஐயா? மின்னா, மீனா?"

அந்த நேரம் பார்த்து அடுக்களையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "என்னங்க, மதியத்துக்கு என்ன பண்ண? மீனா, முட்டையா?"

குடைக்காரர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே சமையலறைப் பக்கம் திரும்பிச் சொன்னார்: "மீனே போடு!"

தட்டச்சருக்கு மனம் கொஞ்சம் சுணங்கியது. எப்போதும் ‘போடுங்க’ என்கிற மனிதர் இன்றைக்கு ‘போடு’ என்கிறாரே என்று நினைத்தார். பிறகு, மசோதா எழுதிக் களைத்திருப்பார் பாவம் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு, "சரிங்கையா" என்று போனை வைத்துவிட்டார். கணினியிடம் ‘மின்’ வருகிற இடத்திலெல்லாம் ‘மீன்’ போடு என்று ஒரே கட்டளை. கணினியும் சொன்னதைச் செய்கிற சாதிதான். ‘உரிமமின்றி’ என்ற பாவப்பட்ட சொல்கூட ‘உரிமமீன்றி’ ஆகி, அதற்கு நடுவிலும் ஒரு மீன் நீந்தியது.

போன் பேச்சு பாதியில் அறுந்ததைக் குடைக்காரர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விவரம் தெரிந்த மனிதர், சரியாகப் போட்டுவிடுவார் என்று நினைத்து வயிறு நிறைய மீன் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார்.

கூட்டத்தொடரின் கடைசி நாள், சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் மசோதா சபைக்கு வந்தது. அச்சடித்த பிரதி எல்லோர் மேசையிலும் இருந்தது. சிலர் அதை விசிறிக்கொண்டார்கள். எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் அதைப் பிரிக்காமலே, "இது ஏழைகள் வயிற்றில் அடிக்கிற சட்டம்" என்று மேசையைத் தட்டிப் பேசினார். அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்று அவருக்கே தெரியாது. குடைக்காரர் தன் கைப்பட எழுதிய குறிப்பைப் பார்த்து, உணர்ச்சி பொங்க, மின், மின் என்றுதான் பேசினார். சபாநாயகருக்கு ஜலதோஷம். அவர் தலைப்பைப் படித்தபோது அது மின்னா மீனா மூக்கடைப்பா என்று யாருக்கும் பிரித்தறிய முடியவில்லை. ஆதரிப்போர் ‘ஆம்’ என்றார்கள். எல்லோரும் சாப்பிடப் போனார்கள். சட்டம் பிறந்துவிட்டது.

சட்டத்தைச் செயல்படுத்தத் தகுதி ஆய்வாளர் ஒருவரை நியமித்தார்கள். நேர்மையான ஆள். சட்டப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேதான் நடப்பார். வாயைத் திறந்தால் பிரிவு நான்கு, பிரிவு ஏழு என்றே பேசுவதால் அவருக்குப் ‘பிரிவு’ என்றே பெயர் விழுந்துவிட்டது. முதல் நாளே மீன் சந்தைக்குப் போனார். சந்தை வாசலில் முதல் கடை சத்தக்காவுடையது. சத்தக்கா ரகசியம் பேசினால் அடுத்த தெருவில் கதவைத் திறப்பார்கள்.

"நீங்க மீன் பணியாளரா?" என்று கேட்டார் பிரிவு.

"பின்ன, நான் என்ன பூவா கட்டுறேன்?"

"கையைக் காட்டுங்க. ஈரம். பிரிவு ஏழு: ஈரக் கையால் மீனைத் தொடக் கூடாது."

சத்தக்கா கையில் இருந்த மீனைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "தம்பி, நான் கையைத் துடைச்சிட்டேன்னே வச்சுக்க. மீனை யாரு துடைக்கிறது?"

"பிரிவு ஒன்பது: ஓட்டம் நின்றுவிட்டதா என்று டெஸ்டர் வைத்துச் சோதித்த பிறகே மீனில் கை வைக்க வேண்டும். டெஸ்டர் எங்க?"

"இது பிடிச்சு அஞ்சு மணி நேரம் ஆச்சு. இதுக்கு மேல எங்க ஓடும்?"

"பிரிவு பதினொன்று: குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில்தான் மீன் இருக்க வேண்டும். நீங்க தரையில வச்சிருக்கீங்க. பிரிவு நாலு: பட்டயப் படிப்பு. இருக்கா?"

அன்றைக்குச் சந்தை முழுவதும் மீனைக் கயிற்றில் கட்டித் தலைக்கு மேல் தொங்கவிட்டிருந்தார்கள். வாங்க வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துக் கண்ணில் தண்ணீர் சொட்ட விலை கேட்டார்கள். பட்டயம் இல்லாமல் யாரும் விற்கக் கூடாது என்று பிரிவு தடுத்துவிட்டதால், குடைக்காரரின் மனைவி வெறும் பையோடு வீட்டுக்குத் திரும்பி வந்து, பையைக் கணவர் மடியில் எறிந்தார்.

"மீனுக்குச் சட்டம் போட்டீங்களாமே? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ஒரு கிலோ முன்னாடியே வாங்கி வச்சிருப்பேன்ல?"

"மீனுக்கா? நானா?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் சமையலறையில் மிக்சி மூடியில்லாமல் ஓடியது. வீடெங்கும் மிளகுத் தூள் பறந்தது. வாசலில் ஆள் வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தும்மிக்கொண்டே கதவைத் திறந்தால், கூடைகளோடு மீன் விற்கிற பெண்கள் மொத்தமும் நின்றார்கள். எல்லோருக்கும் முன்னால் சத்தக்கா.

"ஐயா, படிக்கச் சொன்னா படிக்கிறோம். ஆனா உயர் அழுத்த மீன்னா எந்த மீனுன்னு மட்டும் சொல்லிடுங்க. இத்தனை வருஷத்துல நாங்க யாரும் பார்த்ததில்லை."

குடைக்காரர் தும்மியபடியே உள்ளே போய், அச்சடித்த சட்டத்தை முதல் முறையாக எடுத்து அடிக்கோலை வைத்துப் படித்தார். முதல் பக்கத்திலேயே அடிக்கோல் கையிலிருந்து நழுவியது. தட்டச்சரைப் போனில் பிடித்தார்.

"நீங்கதானே ஐயா ‘மீனே போடு’ன்னீங்க?"

"அது நான் அவகிட்ட சொன்னது!"

"அப்ப என்கிட்ட என்ன சொன்னீங்க ஐயா?"

யோசித்துப் பார்த்தால் அவரிடம் ஒன்றுமே சொல்லவில்லை.

சட்டத்தைத் திருத்த வேண்டுமானால் அடுத்த கூட்டத்தொடர் வர வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதுவரை கொஞ்சம் கண்டுகொள்ளாமல் இருங்கள் என்று பிரிவிடம் கெஞ்சிப் பார்த்தார். "கண்டுகொள்ளாமல் இருக்க இதில் பிரிவு இல்லையே ஐயா" என்றுவிட்டார் அவர். ஒரே ஒரு வழி இருந்தது. பட்டயப் படிப்பில் சேர்ந்துவிட்டவர்கள், படிக்கிற காலத்தில் தொழிலைத் தொடரலாம் என்று குடைக்காரரே இரக்கப்பட்டு ஒரு பிரிவு எழுதி வைத்திருந்தார். அடுத்த வாரமே சந்தை மொத்தமும் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்தது.

அங்கே ஒயரிங் ஆசிரியர் திண்டாடிப்போனார். வந்திருப்பது மீன் வகுப்பு, அவருக்குத் தெரிந்தது மின் வகுப்பு. தெரிந்ததையே நடத்தினார். விற்காத மீனை எங்கே விடுவது என்று பெண்கள் கூடையையும் வகுப்புக்கே தூக்கி வந்தார்கள். மதிய மணி அடித்ததும் மற்ற வகுப்பு மாணவர்களும் ஆசிரியர்களும் பையோடு வந்து நின்றார்கள். பாத்திரத்தோடு பிரின்சிபாலின் மனைவியும் வந்தார். அந்த நிலையத்தில் வருகைப் பதிவு அவ்வளவு நிறைவாக என்றுமே இருந்ததில்லை. பூனைகளும் ஒருநாள் தவறாமல் வந்தன.

மைத்துனன்தான் ராஜா மாதிரி திரிந்தான். மின்வேலைக்கு இப்போது எந்தச் சட்டமும் இல்லை. வீட்டு வாசலில் ஒரு பலகை மாட்டினான்: ‘சட்டத்தால் தடை செய்யப்படாத எலக்ட்ரீஷியன்’.

குடைக்காரருக்கு வெளியில் தலைகாட்ட முடியவில்லை. வெயில் காலத்திலும் குடையை முகம் மறைய இறக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். அப்படியும், "என்ன மீன்காரரே, இன்னிக்கு என்ன ஃப்ரெஷ்ஷா?" என்று தெருவில் கேட்டார்கள். ராஜினாமா செய்துவிடலாமா என்றுகூட ஓர் இரவு யோசித்தார். மனைவிதான் தடுத்தார். "சட்டத்தைக் கெடுத்தது நீங்க. அதைச் சரி பண்ணாம வீட்ல உட்கார்ந்தா நான் சோறு போட மாட்டேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நானும்தான் அந்த நேரத்துல கேட்டிருக்கக் கூடாது" என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டார். தன் பக்கம் தவறு என்று அவர் சொல்லிக் குடைக்காரர் கேட்டது அதுவே முதல் தடவை. தம்பி விஷயத்தில் மட்டும் அதற்குப் பிறகும் கேட்டதே இல்லை.

கூட்டத்தொடர் நெருங்கியதும் கல்வி அமைச்சரைப் பார்க்கப் போனார். அங்கே வேறு வில்லங்கம் காத்திருந்தது.

"திருத்தமா? எதுக்கு? உங்க சட்டம் நல்லாத்தானே ஓடுது? தொழிற்கல்வில பெண்கள் சேர்க்கை இந்த மாதிரி ஏறினதே இல்லை" என்றார் அமைச்சர்.

"ஐயா, அவங்க மீன் விக்கிறவங்க. ஒயரிங் படிக்கிறாங்க."

"படிக்கிறாங்கள்ல? அதுதானே கல்வி! அந்தச் சுழி அங்கேயே இருக்கட்டும். நானே வந்து அவங்களுக்குப் பாராட்டு விழா நடத்தப் போறேன்."

விழா பயிற்சி நிலையத்து முற்றத்தில் நடந்தது. அமைச்சர் கல்வியின் பெருமையைப் பற்றி நீளமாகப் பேசி முடித்ததும் புகைப்படக்காரர், "ஐயா கையில ஒரு மீனைப் பிடிச்சா படம் நல்லா வரும்" என்று ஆசை காட்டினார். சத்தக்கா தன் தொட்டியிலிருந்து அன்றைக்கு வந்ததிலேயே பெரிய மீனைத் தூக்கிக் கொடுத்தார். அமைச்சருக்கு மீன் பிடித்துப் பழக்கமில்லை. அது வழுக்கியது. விடக் கூடாதென்று குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு பல்லைக் காட்டினார். படம் எடுத்தாயிற்று.

கூட்டத்திலிருந்து பிரிவு மெல்ல முன்னால் வந்தார்.

"ஐயா, மன்னிக்கணும். பிரிவு ஏழு. கை ஈரம்."

"என்னய்யா?"

"பிரிவு நாலு. ஐயாவுக்குப் பட்டயம் இருக்குங்களா?"

"நான் வரலாறு எம்.ஏ."

"வரலாறு மீன் பணிக்குச் செல்லாதுங்க. அப்புறம் பிரிவு ஒன்பது. ஓட்டம் நின்னுடுச்சான்னு சோதிக்காமலே தூக்கிட்டீங்க."

அந்தச் சமயத்தில் செத்துவிட்டதாக எல்லோரும் நினைத்திருந்த மீன் வாலை உதறி அமைச்சரின் கன்னத்தில் பளீரென்று ஒன்று வைத்தது.

"பாருங்க, ஓட்டம் இருக்கு" என்று சொல்லிப் பிரிவு எழுதிக்கொண்டார். பிறகு பிரிவு பதினாலின்படி, சட்டத்தை மீறியவர் ஒரு வாரம் பாதுகாப்பு வகுப்பில் உட்கார வேண்டும் என்று ஆணை எழுதி, சட்டையைத் துடைத்துக்கொண்டிருந்த அமைச்சர் கையிலேயே கொடுத்தார்.

மறுநாள் பொழுது விடியுமுன் குடைக்காரர் வீட்டுப் போன் அடித்தது. எதிர்முனையில் அமைச்சர். "அந்தச் சுழியை எடுத்துடுங்க" என்றார். உடனே போனை வைத்துவிட்டார்.

திருத்தச் சட்டம் ஒரே வரிதான். இம்முறை குடைக்காரர் தட்டச்சருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்துக்கும் "சரிங்க, போடுங்க" என்று மரியாதையோடு சொன்னார். தட்டச்சருக்கு மனம் குளிர்ந்தது. சபையில் அவர் எழுந்து, "தவறு என்னுடையது. நான் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னது சட்டமாகிவிட்டது" என்று ஒப்புக்கொண்டபோது ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் சபாநாயகர் மணியடித்துக் கை ஓய்ந்தார். யாரும் எதிர்க்கவில்லை. மீன்கள் தலைக்கு மேலிருந்து தரைக்கு இறங்கின.

மைத்துனன் பலகையைக் கழற்ற வேண்டி வந்தது. அக்காவின் வாய்க்குப் பயந்து பட்டயப் படிப்பில் சேர்ந்தான். வகுப்பில் அவனுக்கு முன்பெஞ்சில் சத்தக்காவும் இன்னும் நான்கு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். சட்டம் மாறியும் அவர்கள் நிற்கவில்லை. "பாதிப் பாடம் நடந்திருக்கு, மீதியை யாரு கேக்கிறது?" என்பது சத்தக்காவின் நியாயம். முதல் செய்முறைத் தேர்வு முடிந்து மைத்துனன் வெளியே வந்தபோது குடைக்காரர் வாசலில் காத்திருந்தார்.

"என்னடா, விளக்கு எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது மாமா. ஆனா பக்கத்து ரூம்ல."

அந்த வருஷம் அவன் தேறவில்லை. அடுத்த முறை தேறினான். தேறிய செய்தி கேட்டு அக்கா அழுதார். குடைக்காரரும், கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில், கொஞ்சம் அழுதார். தன் சட்டத்தால் ஒரே ஓர் எலக்ட்ரீஷியனுக்காவது தகுதி வந்ததே என்று அவருக்கு ஒரு நிறைவு. அந்த ஆள் தன் மைத்துனனாகப் போனது தற்செயல் என்றே வெளியில் சொல்லிக்கொண்டார்.

பட்டயம் வழங்கிய நாளில் எல்லோரும் சேர்ந்து குழுப்படம் எடுத்துக்கொண்டார்கள். யார் எங்கே உட்காருவது என்பதைப் பிரிவுதான் ஒழுங்குபடுத்தினார். முன்வரிசை நாற்காலிகள் பட்டயம் பெற்றவர்களுக்கு. சத்தக்கா நடுநாயகமாக உட்கார்ந்தார், பக்கத்தில் மைத்துனன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தான். குடைக்காரரும் ஒரு நாற்காலியைப் பிடித்து உட்காரப் போனபோது பிரிவு பணிவாகக் குனிந்து கேட்டார்.

"ஐயா எதுவரை படிச்சிருக்கீங்க?"

"பத்தாவது."

"அப்ப பின்னாடி நிக்கணுங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை என்றுதான் குடைக்காரருக்குத் தோன்றியது. கடைசி வரிசையில், பெஞ்சு மேல் ஏறி நின்றார். "பின்னாடி நிக்கிற ஐயா, தலையைக் கொஞ்சம் தூக்குங்க!" என்று புகைப்படக்காரர் கத்தினார். தூக்கினார். படத்தில் அவருடைய நெற்றியும் கண்ணாடியும் மட்டும்தான் தெரிந்தன. மனைவி அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள் எல்லோரிடமும் முதலில் தம்பியைக் காட்டுவார், பிறகு விரலை மேலே நகர்த்தி, "அந்தக் கண்ணாடி இவர்தான்" என்பார்.